உத்தேசப் பயன்பாடு

செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கு
மில்டுராவில் தெருவிளக்குகள் எரிந்தன.
உழுதுபோட்டு மழை வராத மேற்குக் கோதுமை வயல்களெல்லாம்
எழுந்து நின்று
சிவப்பாக ஊருக்குள் நடந்து வந்தன.
சன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தேன்.
செலா தன் ஆஸ்துமாக் குழலை
மேசைமேல் எடுத்துவைத்தாள்.

பை எண் 4417.
அனுப்பியவர்: கார்மைன் ஸ்கலிசி.
இடம்: மெர்பீன், ஆற்றுப் பக்கத்து நான்காம் துண்டு.
ஆழம்: பத்து சென்டிமீட்டர்.
உத்தேசப் பயன்பாடு:
அங்கே பேனா ஒருமுறை ஊன்றியிருக்கிறது.
ஒரு புள்ளி. வேறொன்றுமில்லை.

உள்ளங்கையில் ஒரு பிடி.
சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும்;
சப்பாத்தி மாவுக்குச் சொல்வதைத்தான்
இதற்கும் சொல்கிறது கையேடு.
பிறகு கட்டைவிரலால் தள்ளித் தள்ளி
நாடாவாக நீட்ட வேண்டும்.
எந்த நீளத்தில் அறுந்து விழுகிறதோ
அதுதான் அந்த மண்ணின் பெயர்.
இது இருபது மில்லிமீட்டரில் விழுந்தது.
மணல் கூடிய வண்டல்.

பதினோரு வருடமாக இதே வேலை.
பிசையும்போதெல்லாம் ஒரு அற்பச் சந்தேகம்:
அவர் எடுத்தது எந்த மண்?
மூடுபனி எழும்பித் தரையை நனைத்ததாமே,
அந்த ஈரமே போதுமாக இருந்ததா?
எத்தனை மில்லிமீட்டரில் அறுந்தான் ஆதாம்?

களியென்றால் வெயிலில் வெடித்திருப்பான்.
மணலென்றால் ஏவாள் கை வைத்ததும் உதிர்ந்திருப்பான்.
நடுத்தரம்தான். கொஞ்சம் பிடிப்பு, நிறைய வடிகால்.
மண்ணாங்கட்டி என்று
கணக்கு வாத்தியார் கூப்பிட்டதற்கு
நான் அழுதிருக்க வேண்டியதில்லை.
வம்சத்தைத்தான் சொன்னார்.

ஆறாம் நாள்கூட நமக்கென்று தனியாக இல்லை.
ஆடுமாடுகளோடும் ஊர்வனவற்றோடும்
பங்குபோட்ட நாள்.
சாயல் என்கிறார்களே, அதை நான் மறுக்கவில்லை.
ஆனால் என்னைப் பிடித்துக்கொண்ட இடம் வேறு:
பூண்டு ஒன்றும் முளைக்காமல் கிடந்ததாம் தரை,
மழையும் இல்லை, வேலை செய்ய ஆளும் இல்லை என்று.
ஆக, நிலம்தான் முதலில் விண்ணப்பம் போட்டிருக்கிறது.
காலியிடம் இருந்தது. அதற்கு எடுத்த ஆள் நாம்.
இரண்டே வேலை: பண்படுத்த, காக்க.
பூமி நமக்கு என்று உரக்கப் படித்தவர்கள்
நியமன உத்தரவைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்கள்.

கரைசலில் உப்பு அளக்கும் கம்பியை இறக்கினேன்.
எண் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.
திராட்சை தாங்காது. பாதாம் தாங்காது.
எழுபது வருடப் பாசனத்தில்
அடியில் தூங்கிய பழைய கடல்
மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது.

கார்மைனை அழைத்தேன்.
"ஒரு கட்டம் காலியாக இருக்கிறது."
"கொடியெல்லாம் பிடுங்கிவிட்டேன், எப்சிபா."
அவருக்குப் பின்னால் தகரம் ஒன்று அடித்துக்கொண்டது.
"எதற்கென்று தெரிந்தால்
உனக்கு ஏன் மண் அனுப்புகிறேன்?
நீயே எதையாவது போடு."

அப்போதுதான் தும்மினேன்.
ஜீவன் ஊதப்பட்ட அதே துளைகளில்
தூசி,
போன மூச்சு என்ன ஆயிற்று என்று
விசாரிக்க வந்ததுபோல.
செலா குழலை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.
நெஞ்சு உயர்ந்தது. நின்றது. தாழ்ந்தது.
படைப்பு என்று இதைவிடப் பெரிதாக
எதையும் நான் நேரில் கண்டதில்லை.

கட்டத்தில் 'ஓய்வு' என்று அடித்தேன்.
ஏழாம் நாள் நிலத்துக்கும் உண்டு என்று ஞாபகம்.
கணினி ஏற்கவில்லை. பட்டியலில் இருப்பது
திராட்சை, பாதாம், ஆரஞ்சு, மேய்ச்சல், மற்றவை.
மற்றவை.
குறிப்பில்: உப்புப்புதர் நடலாம். காக்கவும்.
கடைசிச் சொல்லை மேலாளர்
நாளைக் காலை அடித்துவிடக்கூடும்.

கை கழுவினேன்.
தொட்டியில் சிவப்பு ஓடியது, பிறகு வெளிர்சிவப்பு,
பிறகு வெறும் தண்ணீர்.
நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் போகவில்லை.
தேய்க்கவில்லை நான்.